உறைந்த கறியை அப்படியே சமைக்கலாமா?

ஒகேனக்கலில் இந்தக் கவலை இல்லை. காவிரியில் பிடித்த மீன் கண்ணெதிரே சட்டிக்குப் போகிறது. சுடச்சுட இலைக்கு வருகிறது.

தர்மபுரி வீடுகளில் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய ஆட்டுத்தொடையில் பாதி பிரீசருக்குள் புகுந்துவிடுகிறது. அடுத்த வாரம் விருந்தாளி வாசலில் நிற்கும்போது, அது கல்லாய்க் கிடக்கிறது!

உடனே அதை எடுத்துச் சமையல் மேடையில் போட்டுவிடுகிறார்கள். வினையே அங்குதான். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. தூங்க வைக்கிறது, அவ்வளவே. மேல்பக்கம் இளகியதும் அவை விழித்துப் பெருகுகின்றன. உள்ளே இன்னும் கல்தான்!

இளக்காமலே அடுப்பில் ஏற்றலாம், கெடுதல் இல்லை. ஆனால் பொறுமை வேண்டும். வழக்கமாக 1 மணி நேரத்தில் வேகும் கறி, உறைந்திருந்தால் சுமார் 1½ மணி நேரம் கேட்கும். கனத்த தொடையை நேரே எண்ணெயில் போடக் கூடாது. ஐஸ் பட்ட எண்ணெய் முகத்தில் தெறிக்கும். கறியும் மேலே கருகி, எலும்போரம் பச்சையாகவே நிற்கும். தண்ணீர் விட்டு, மூடி, நன்றாகக் கொதிக்கவிட்டு முதலில் வேகவைக்க வேண்டும். வறுவலெல்லாம் பிறகு!

வெந்துவிட்டதா என்பதை நிறம் சொல்லாது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால், எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்திப் பார்க்கலாம். 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் ஆடு, கோழி இரண்டுக்கும் அச்சமில்லை.

விருந்தாளி வருவது முன்பே தெரிந்தால், முதல் நாளே கறியைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கலாம். அடியில் ஒரு கிண்ணம் அவசியம். இல்லாவிட்டால், கறியிலிருந்து கசியும் நீர் கீழே இருக்கும் காய்கறியில் சொட்டும்.