சுட்டது கடையில், செலவு யார் கணக்கில்?

ஹாஸ்டல் வாழ்க்கைக்கு வேண்டிய சாமான் எல்லாம் திருச்சியில் எங்கே வாங்குவோம்? பெரும்பாலும் காந்தி மார்க்கெட்டைச் சுற்றியிருக்கிற தெருக்கள், பெரிய கடை வீதி, இல்லைன்னா சிங்காரத்தோப்பு. பக்கெட், பாய், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கெட்டில், அப்புறம் வார்டன் கண்ணில் படாமல் ஒளிச்சு வைக்கிற வாட்டர் ஹீட்டர் ராடு. விலை பேசுவோம், ஜிபே பண்ணுவோம், கிளம்பிடுவோம். பில் கேட்கிற பழக்கம் நம்மில் பாதிப் பேருக்குக் கிடையாது.

அந்த ராடு ஒரு நாள் காலையில் வெடித்து, கொதிக்கிற தண்ணி தொடையில் கொட்டுதுன்னு வைங்க. இல்லை, டீக்கடையில் மாஸ்டர் கை தவறி பாய்லர் தண்ணி உங்க தோளில் ஊத்திடுச்சு. அதுவும் இல்லை, நீங்க எதுவுமே வாங்கலை, கடை வாசலில் சும்மா நின்னீங்க, பக்கத்தில் ஏதோ வெடிச்சுது. மூணுமே உடம்பில் ஏறக்குறைய ஒரே மாதிரி காயம்தான். சட்டத்தின் பார்வையில் மூணும் வேற வேற. அந்த இடத்தில் நீங்க யாராக இருந்தீங்க என்பதை வெச்சுத்தான் எந்தக் கதவைத் தட்டணும்னு முடிவாகும். வாங்கினவரா, வழியில் போனவரா, அங்கே வேலை பார்க்கிறவரா?

வாங்கினவர் கதையை முதலில் பார்ப்போம். நம்ம பக்கம் சட்டம் ரொம்ப வலுவாக இருக்கிற இடம் இதுதான், ஆனா நமக்கு அதிகம் தெரியாததும் இதுதான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். அதில் பிராடக்ட் லையபிலிட்டிக்குன்னு தனி அத்தியாயமே இருக்கு, பிரிவு 82 முதல் 87 வரை. குறையுள்ள பொருளால் காயம் பட்டால் தயாரித்தவர், விற்றவர், சர்வீஸ் பண்ணினவர் யார் மேலேயும் இழப்பீடு கேட்கலாம். பொதுவாக கடைக்காரர் என்ன சொல்வார்? "நாங்க வாங்கி விக்கிறவங்க தம்பி, கம்பெனியைக் கேளுங்க." பிராண்டட் பொருள்னா அந்தப் பதிலில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனா பிரிவு 86-ஐப் படிச்சா ஒரு சுவாரஸ்யமான இடம் வரும். தயாரித்தவர் யார்னே தெரியலைன்னா, அல்லது தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியலைன்னா, அல்லது அவர் இந்தியச் சட்டத்துக்குள் வராதவர்னா, பொறுப்பு விற்றவர் தலையில் வந்து விழுது. பெயரில்லாத அட்டைப் பெட்டியில் வர்ற ராடு, எந்த ஊர்ச் சரக்குன்னே தெரியாத பவர் பேங்க், ஸ்டிக்கர் மட்டும் ஒட்டின சார்ஜர், இது எல்லாமே அந்த வகைதான். 'கம்பெனியைக் கேளுங்க'ன்னு சொல்ல அங்கே கம்பெனியே இல்லை. பொருளைச் சரியா சோதிக்காமல் வித்தாலும், எச்சரிக்கைக் குறிப்பைச் சொல்லாமல் கொடுத்தாலும்கூட விற்றவர் பொறுப்பாகலாம்.

நம்ம துறைக்காரங்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். இம்மர்ஷன் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் மாதிரி மின்சாதனங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி முதல் கட்டாயமாச்சு. 2022-ல் முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததுக்காக அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா ஒரு லட்ச ரூபாய் அபராதம் போட்டது. வித்த குக்கர்களைத் திரும்ப வாங்கிப் பணத்தையும் கொடுக்கச் சொன்னது. அமேசானில் மட்டும் 2,265 குக்கர். முத்திரை உண்மையா போலியான்னு பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் லைசென்ஸ் எண்ணைப் போட்டே பார்த்துக்கலாம். கட்டாய முத்திரை இல்லாத பொருள் வெடிச்சுதுன்னா, குறையை நிரூபிக்கிற வேலையில் பாதி அங்கேயே முடிஞ்சிடும்.

350 ரூபாய் ராடுக்கு எந்த கோர்ட் மதிக்கும்னு தோணும். இங்கேதான் 2019 சட்டம் பெரிய மாற்றம் செய்தது. எந்த ஆணையத்துக்குப் போகணும் என்பது நீங்க கேட்கிற இழப்பீட்டை வெச்சு இல்லை, பொருளுக்குக் கொடுத்த விலையை வெச்சு. விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. அதாவது 350 ரூபாய் ராடு, 12 லட்ச ரூபாய் இழப்பீடு, கட்டணம் பூஜ்யம். இந்த முறை செல்லுமான்னு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025-ல் செல்லும்னு தீர்ப்பாச்சு. வழக்கறிஞர் வெச்சே ஆகணும்னு இல்லை. நீங்க குடியிருக்கிற ஊரிலேயே கொடுக்கலாம்; தென்காசிப் பையன் திருச்சியில் வாங்கின பொருளுக்குத் தென்காசி பக்கமே வழக்குப் போடலாம். காலக்கெடு இரண்டு வருஷம். மூணு மாசத்தில், ஆய்வகச் சோதனை தேவைன்னா அஞ்சு மாசத்தில் முடிக்கணும்னு சட்டம் சொல்லுது. அதை மட்டும் நம்பிக் காலண்டரில் குறிச்சு வைக்காதீங்க.

பில் இல்லையே? பில் கொடுக்காததையே நியாயமற்ற வணிக நடைமுறைன்னு இந்தச் சட்டம் சொல்லுது. ஜிபே பதிவு, கடைப் பெயர் போட்ட கவர், கூட வந்த நண்பனின் சாட்சி எல்லாம் உதவும். ஆனா பில் இருந்தா வேலை சுலபம், அவ்வளவுதான்.

டீக்கடை, ஓட்டல் விஷயம் பொருளில் இருந்து சேவைக்கு மாறும். சட்டம் அதேதான். இங்கே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது அமெரிக்கா மெக்டொனால்ட்ஸ் காபி வழக்கு. 'காபி சூடா இருந்ததுக்கு கோடி கோடியா வாங்கிட்டாங்க பாட்டி'ன்னு ஜோக்காவே அதைக் கேட்டிருப்பீங்க. நடந்தது வேற. 1992, அல்புகெர்க்கி நகரம். 79 வயது ஸ்டெல்லா லீபெக், நிறுத்தியிருந்த காரில் கப் மூடியைத் திறக்கும்போது 49 சென்ட் காபி மடியில் கொட்டியது. காபியின் வெப்பம் 82 முதல் 88 டிகிரி செல்சியஸ். வெப்பக் கடத்தல் படிச்சவங்களுக்கு இது புரியும்: 60 டிகிரி தண்ணி ஆழமான காயம் உண்டாக்க சுமார் 5 வினாடி எடுக்கும், 70-ல் ஒரு வினாடிகூட வேண்டாம். உடம்பில் 6 சதவீதம் மூன்றாம் நிலைக் காயம், தோல் ஒட்டு அறுவை, எட்டு நாள் ஆஸ்பத்திரி. அவர் கேட்டது 20,000 டாலர். கம்பெனி தர்றேன்னது 800. விசாரணையில்தான் ஒரு விஷயம் வெளியே வந்தது: அதுக்கு முந்தைய பத்து வருஷத்தில் இதே மாதிரி எழுநூறுக்கும் மேல் புகார் வந்திருக்கு, கம்பெனி வெப்பத்தைக் குறைக்கவே இல்லை. ஜூரி இழப்பீடு 2 லட்சம் டாலர்னு வெச்சு, மூடியைத் திறந்ததில் அவர் தப்பு 20 சதவீதம்னு கழித்து 1,60,000 ஆக்கியது. தண்டனைத் தொகையாகச் சொன்ன 27 லட்சம் டாலரை நீதிபதி 4,80,000-ஆகக் குறைத்தார். கடைசியில் வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள்.

இதில் நமக்கு எடுத்துக்க இரண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, ஆபத்து இருக்குன்னு கடைக்கு முன்னமே தெரியுமா என்பது பெரிய ஆயுதம். அந்த பாய்லர் ஏற்கெனவே ஒழுகிட்டு இருந்துச்சா, வேற யாருக்காவது பட்டிருக்கான்னு விசாரிங்க. இன்னொண்ணு, உங்க தப்பு கொஞ்சம் இருந்தாலே வழக்கு செத்துடும்னு நினைக்காதீங்க. தொகை குறையலாம், அவ்வளவே. ஆனா ராடை நீங்களே பிரிச்சு ஒயர் மாத்தியிருந்தா கதை வேற. பொருளை மாற்றியமைத்தாலோ, தவறாகப் பயன்படுத்தினாலோ விற்றவர் தப்பிக்க பிரிவு 87 வழி வெச்சிருக்கு. எலக்ட்ரிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்கள் கவனத்துக்கு.

அடுத்து, வழியில் போனவர். 2022 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை. ஆயுதபூஜையும் தீபாவளியும் நெருங்கிய நேரம், கடைவீதி நிரம்பி வழிஞ்ச நாள். காந்தி மார்க்கெட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற கோட்டை வாசல் பகுதியில், ஒரு ஜவுளிக்கடை முன்னால் பலூனுக்கு கேஸ் நிரப்பும் சிலிண்டர் வெடித்தது. ஒருவர் இறந்தார், இருபதுக்கும் மேற்பட்டோர் காயம் அடைந்தார்கள். ஹீலியம் எரியாத வாயு. அதனால் அது தீக்காயத்தைவிட வெடிப்புக் காயம். ஆனாலும் நம்ம கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் நம்ம ஊரில் கிடையாது. அங்கே நின்னவங்க பலூன் வாங்கலை. அதனால் பலூன்காரர் விஷயத்தில் அவங்க 'நுகர்வோர்' இல்லை, நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறக்காது. பலூன்காரரிடம் பணமும் இருக்காது. அப்போ யாரைக் கேட்பது? அந்தச் சிலிண்டரை நிரப்பிக் கொடுத்தவர் யார், அதுக்கு அழுத்தச் சோதனை கடைசியா எப்போ நடந்தது, வாசலில் நிற்க இடம் கொடுத்தது யார்? இதெல்லாம் சிவில் வழக்கின் கேள்விகள். அந்த இடமும் அந்தப் பொருளும் யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதுதான் அங்கே மையம்.

ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு இது இன்னும் நெருக்கம். 2004 ஜனவரி 23, கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாப்பிட வந்த விருந்தாளி எந்த மண்டபத்துக்கும் வாடகை கொடுக்கலை. ஆனா மண்டபக்காரருக்கு அவர் மேல் கவனக் கடமை இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது.

கட்டுப்பாடு யாரிடம் என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் எண்ணாகவே பிரிச்சுக் காட்டின வழக்கு டெல்லி உப்ஹார் தியேட்டர். 1997 ஜூன் 13-ல் கட்டிடத்துக்குள் இருந்த மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மரில் தீ, புகை ஹாலுக்குள் ஏறி 59 பேர் இறந்தார்கள். 2011-ல் வந்த தீர்ப்பில் பொறுப்பு தியேட்டர்காரருக்கு 85 சதவீதம், மின்வாரியத்துக்கு 15. லைசென்ஸ் கொடுத்த அதிகாரிகளும் மாநகராட்சியும் இழப்பீட்டில் இருந்து விடுபட்டார்கள். உயர் நீதிமன்றம் 20 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 18 லட்சம்னு சொன்னதை 10 லட்சமாகவும், தண்டனைத் தொகை 2.5 கோடியை 25 லட்சமாகவும் குறைத்தார்கள். பதினாலு வருஷம் அலைந்த குடும்பங்களுக்கு இது நியாயமான முடிவுன்னு எனக்குத் தோணலை.

பொறுப்பாளி யார்னே தெரியலை, அல்லது தெரிந்தும் காசில்லைன்னா இன்னொரு வழி இருக்கு. பி.என்.எஸ்.எஸ். பிரிவு 396-ன்படி குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு நிதியில் இருந்து இழப்பீடு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கணும். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே வழக்கறிஞரும் இலவசம். போன் எண் 15100.

வேலை பார்க்கிறவர் விஷயம் சுருக்கமா. தீபாவளி சீசனுக்கு ஜவுளிக்கடையில் நிற்கிறவங்க நம்மில் நிறைய பேர். 2008 செப்டம்பரில் சென்னை ரங்கநாதன் தெரு சரவணா ஸ்டோர்ஸ் தீயில் இறந்த இருவரும் ஊழியர்கள்தான். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்கிற கடைன்னா இ.எஸ்.ஐ. வரும். வேலையில் பட்ட காயத்துக்கு, எத்தனை நாள் சந்தா கட்டியிருக்கீங்கன்னு பார்க்க மாட்டாங்க, சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு. அதனால் சம்பளம் பேசும்போதே உங்க பெயர் சேர்த்தாச்சான்னு கேட்டுடுங்க.

எந்த வழியில் போனாலும் வழக்கு ஜெயிக்கிறதும் தோற்கிறதும் முதல் சில நாட்களில்தான். குழாய்த் தண்ணியில் இருபது நிமிஷம் காட்டுங்க. பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். நேரா ஆஸ்பத்திரி. போலீஸ் வந்தாத்தான் பார்ப்போம்னு எந்த ஆஸ்பத்திரியும் அவசர சிகிச்சையைத் தள்ளக்கூடாது, 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவாங்க, அதுதான் ஏ.ஆர். காப்பி. எப்படி நடந்ததுன்னு கேட்டா, 'சமையல் பண்ணும்போது'ன்னு கடைக்காரரே பக்கத்தில் நின்னு சொல்லித் தருவார். உண்மையைச் சொல்லுங்க, கடைப் பெயரோடு. அந்த ஒரு வரி பின்னாடி மாறாது. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடலைன்னாலும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீங்க.

டிஸ்சார்ஜ் சம்மரியில் காயத்தின் சதவீதமும் ஆழமும் இருக்கான்னு பாருங்க. ஒரு உள்ளங்கை அளவு சுமார் ஒரு சதவீதம், ஒரு கை முழுக்க ஒன்பது. எத்தனை நாள் வழக்கமான வேலை செய்ய முடியலை என்பதும் எழுதியிருக்கணும். 15 நாள் தாண்டினா அது கொடுங்காயம் என்ற வகைக்குப் போகும், பழைய ஐ.பி.சி.யில் இது 20 நாளாக இருந்தது. வெடித்த ராடைத் தூக்கிப் போடாதீங்க, கடைக்காரரிடம் 'மாத்தித் தர்றேன்'னு சொன்னாலும் கொடுக்காதீங்க. சிசிடிவி பதிவு சில வாரத்தில் தானாக அழிஞ்சு புதுசு ஏறிடும். பதிவை வைத்திருக்கச் சொல்லி அந்த வாரமே ஒரு பதிவுத் தபால் போடுங்க.

அப்புறம் அந்தக் காகிதம். மூணாவது நாள் கடைக்காரர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா வருவார். நல்ல மனுஷனாவே இருக்கலாம். "ஆஸ்பத்திரி செலவு முழுக்க நான் பார்த்துக்கிறேன் தம்பி, இதில் மட்டும் ஒரு கையெழுத்து" என்பார். அதில் 'இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை'ன்னு ஒரு வரி இருக்கும். ஆழமான தீக்காயத்தின் தழும்பு மாசக்கணக்கில் சுருங்கிக்கிட்டே போகும். முழங்கை மடங்கினபடியே நின்னுபோய், ஆறு மாசம் கழிச்சு அடுத்த ஆபரேஷன் வரலாம். அழுத்தத் துணி, பிசியோதெரபி, தவறிப்போன செமஸ்டர் எதுவும் மூணாவது நாள் பில்லில் இருக்காது. பணத்தை வாங்கிக்கலாம், தப்பில்லை. 'சிகிச்சைச் செலவுக்காக இவ்வளவு பெற்றுக்கொண்டேன்'னு நீங்களே ஒரு ரசீது எழுதி, தேதி போட்டு, ஒரு காப்பி எடுத்துட்டுக் கொடுங்க.