முதல் ஏர் ரைஃபிள்: எடை முக்கியமா, பொருத்தம் முக்கியமா?

2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில். அதன் இலக்கின் மையப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர், அதை நோக்கிப் பாயும் ஈயக் குண்டோ 4.5 மில்லிமீட்டர்!

ஒரு கணக்கு. தோளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் குழல்முனை 1 மில்லிமீட்டர் அசைந்தால், 10 மீட்டரில் குண்டு 10 மில்லிமீட்டர் விலகும். அதாவது நான்கு வளையங்கள் போச்சு!

ஸ்பிரிங் துப்பாக்கி ஏன் கடினம்? விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது. துப்பாக்கி பின்னால் உதைத்து, உடனே முன்னால் குலுங்குகிறது. குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே இது தொடங்கிவிடும். அழுத்திய காற்றை உருளையில் சேமிக்கும் வகைத் துப்பாக்கியிலோ ஒரு சிறு வால்வு திறப்பதோடு சரி. அதிர்வு மிகக் குறைவு. போட்டிக்கு இதுவே ஏற்றது.

எடை கூடினால் நடுக்கம் குறையுமா? ஓரளவு குறையும், கனமான பொருள் எளிதில் அசையாது. விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது. ஆனால் சிறுவர்களின் தசை களைத்தால், அந்த எடையே நடுக்கத்தைக் கொண்டுவரும்.

எனவே முதலில் பொருத்தத்தைப் பாருங்கள். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். கழுத்தை வளைக்காமலே பார்வை குறிபார்க்கும் துளைக்கு நேராக அமைய வேண்டும். அமையாவிட்டால், கன்னத்தாங்கியையும் தோள்தட்டையும் நகர்த்திச் சரிசெய்ய முடிகிற துப்பாக்கியையே தேர்ந்தெடுங்கள். வாங்குவதற்கு முன் சில மாதங்கள் பயிற்சி மையத்தின் துப்பாக்கியில் பழகுங்கள்; எது தேவை என்பதை உங்கள் உடலே சொல்லும்.