பிள்ளை பிறக்கமுன் போட வேண்டிய கணக்கு

ஊரில் பிள்ளைப்பேறு என்றால் கணக்குப் பார்ப்பது அம்மம்மாவின் வேலை. காயச்சரக்கு இடிப்பது முதல் 31ம் நாள் துடக்குக் கழிப்பது வரை யார் எதைச் செய்வது என்பது பேசாமலே முடிவாகியிருக்கும். ரொறன்ரோவில் வீட்டு வாடகை, கார் இன்சூரன்ஸ், ஊருக்கு அனுப்பும் காசு எல்லாவற்றுக்கும் நடுவில் இருவர் மட்டும் இருந்து இந்தக் கணக்கைப் போட வேண்டியிருக்கிறது. காசுக் கவலை கர்ப்பிணித் தாயின் நித்திரையைக் கெடுக்கும் என்பதால்தான் இதனைச் சுகாதாரப் பக்கத்தில் எழுதுகிறோம்.

முதலில் ஆறுதலான செய்தி. ஓகிப் அட்டை உள்ளவருக்கு வைத்தியர், பிரசவம், சத்திரசிகிச்சை எதற்கும் கட்டணம் இல்லை. தனி அறையோ இருவர் அறையோ கேட்டால் மட்டும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். வேலையிடத்துக் காப்புறுதி அதனைத் தருமா என்று முன்னரே கேட்டு வையுங்கள். 1994 முதல் ஒன்ராரியோவில் பதிவு பெற்ற மருத்துவிச்சிகளும் இருக்கிறார்கள். மாகாணத்தில் வசிப்பவருக்கு ஓகிப் இல்லாவிட்டாலும் அவர்களின் கட்டணத்தை அரசே கொடுக்கிறது.

உண்மையான இடி விழுவது சம்பளத்தில். தாய்க்கு ஈ.ஐ. மகப்பேற்றுக் கொடுப்பனவு 15 வாரம். அதன்பின் பெற்றோர் கொடுப்பனவில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் ஒருவருக்கு 35 வாரம் வரை, சம்பளத்தின் 55 வீதம். மற்றதில் 61 வாரம் வரை, 33 வீதம். மணிக்கு 20 டொலர்படி 40 மணித்தியாலம் வேலை செய்யும் தாயை எடுத்துக்கொள்வோம். முதல் வழியில் வாரம் 440 டொலர், மொத்தம் 22,000. இரண்டாம் வழியில் முதல் 15 வாரத்தின் பின் வாரம் 264 டொலர்தான், மொத்தம் 22,704. ஆக, 'பதினெட்டு மாதம்' என்பது ஏறக்குறைய அதே காசை நீட்டித் தருவதுதான். இதிலும் வரி கழியும். ஒருமுறை பெற்றோர் கொடுப்பனவு வரத் தொடங்கினால் வழியை மாற்ற முடியாது. தகப்பனும் விடுப்பு எடுத்தால் முதல் வழியில் மேலும் 5 வாரம், இரண்டாம் வழியில் 8 வாரம் குடும்பத்துக்குக் கிடைக்கும். எம்மவரில் பல தகப்பன்மார் இதனை எடுப்பதில்லை, ஏனோ தெரியாது.

இவையெல்லாம் கடந்த 52 வாரத்தில் 600 மணித்தியாலம் பதிவில் உள்ளவர்களுக்கே. 'கையில் காசு' வாங்கி வேலை செய்தவருக்கு ஒரு சதமும் வராது. வரி மிச்சம் என்று நினைத்தது இந்த இடத்தில்தான் உதைக்கும். குழந்தைக்கு ஆயத்தமாகும் பெண்கள் ஒரு வருடம் முன்பே சம்பளப் பத்திரம் தரும் வேலைக்கு மாறுவது நல்லது. வேலையை நிறுத்தி 4 வாரத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

அடுத்தது பிள்ளைக் காசு. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான காலத்துக்கு 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆகக்கூடியது வருடம் 7,997 டொலர். வருமானம் கூடக்கூட இது குறையும். இதற்கு வரி இல்லை. பிறப்பைச் சேர்விஸ் ஒன்ராரியோவில் 30 நாட்களுக்குள் பதியும்போதே சின் இலக்கத்துக்கும் இதற்கும் சேர்த்து விண்ணப்பிக்கலாம். ஆனால் கணவனும் மனைவியும் வருமானம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் வரிப் பத்திரம் அனுப்ப வேண்டும். ஒருவர் விட்டாலும் ஜூலையில் காசு நின்றுவிடும். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு, பிள்ளையின் பெயரில் ஆர்.ஈ.எஸ்.பி. திறந்தால் நீங்கள் ஒன்றும் போடாமலே முதலில் 500 டொலரும், தகுதியுள்ள ஒவ்வொரு வருடமும் 100 டொலருமாக 2,000 வரை அரசு போடும்.

அம்மாவை உதவிக்கு அழைப்பவர்கள் சுப்பர் விசாவுக்கான காப்புறுதியை மறக்க வேண்டாம். ஆகக்குறைந்தது 100,000 டொலருக்கு, ஒரு வருடத்துக்கு எடுக்க வேண்டும். வயதும் நீரிழிவும் இருந்தால் கட்டணம் ஏறும். இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். இடையில் ஊர் திரும்பினால் மிச்சக் காசு வருமா என்றும் கேளுங்கள்.

பொருட்களில் கையைக் கடிப்பது பம்பர்ஸ். நாளுக்குப் பத்து, ஒன்று 30 சதம் என்றால் மாதம் 90 டொலர். தாய்ப்பால் கொடுத்தால் பால்மாச் செலவு இல்லை. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தினமும் 400 அலகு விற்றமின் டி துளிகள் மட்டும் வாங்க வேண்டும். உடுப்பு, தள்ளுவண்டில் எல்லாம் தெரிந்தவர்களிடம் வாங்கிப் பாவிக்கலாம். கார் சீற் அப்படியல்ல. காலாவதித் திகதியும் கனடியப் பாதுகாப்பு முத்திரையும் இல்லாததை இனாமாகத் தந்தாலும் வேண்டாம். சில்லுப் பூட்டிய நடைவண்டிலை ஊரிலிருந்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். படியால் உருண்டு பிள்ளைகள் காயப்பட்டதால் 2004 ஏப்ரலில் கனடா அதனைத் தடை செய்துவிட்டது, பழையதை விற்பதும் குற்றம்.

31க்கு ஹோல் எடுப்பதா என்பது உங்கள் விருப்பம். கடனட்டையில் எடுக்க வேண்டியிருந்தால் வீட்டிலேயே பால் காய்ச்சிப் பெயர் வைக்கலாம் என்பது எமது அபிப்பிராயம். முதற் பிறந்தநாள் எங்கும் ஓடிப்போகாது.

பிள்ளை பிறந்தபின் தாய் இரண்டு வாரத்துக்கு மேல் அழுதபடியோ, நித்திரையின்றியோ, பிள்ளையில் பற்றின்றியோ இருந்தால் அதனைக் காசுக் கவலை என்று தள்ளிவிடாமல் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவின் தாதிமார் தேவையுள்ள குடும்பங்களை வீட்டுக்கு வந்தும் பார்ப்பார்கள். அதற்குக் கட்டணம் இல்லை, மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.