ஊகமும் துணிபும்: கடினமான சுடோகுப் புதிர்களை விடுவிக்கும் நெறிகள்

அறிதல் வேறு; அறிந்ததாக எண்ணிக்கொள்ளுதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள எல்லையை நாளிதழின் மூலையில் வரும் ஒரு சிறு புதிர் நமக்குக் கற்பித்தது என்றால் மாணவச் செல்வங்கள் வியப்படையக்கூடும். தமிழ் பயிற்றுவிப்போர்க்கு எண்புதிரோடு என்ன உறவு என வினவுவாரும் உளர். சுடோகுவில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. எண்களுக்கு மாற்றாக ஒன்பது எழுத்துகளை இட்டாலும் புதிர் மாறுவதில்லை. எனவே அது கணக்குத் திறனைவிடத் தருக்க நெறியையே வேண்டி நிற்பது. கடினமான புதிர்களை விடுவிக்கும் நெறிகள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

தோற்றமும் அமைப்பும்

இன்றைய வடிவிலான இப்புதிர் 1979-இல் அமெரிக்காவின் டெல் நிறுவன இதழொன்றில் 'நம்பர் பிளேஸ்' என்னும் பெயரில் வெளிவந்தது. ஹோவர்டு கார்ன்ஸ் என்னும் கட்டடக் கலைஞரே அதனை அமைத்தவர் எனக் கருதப்படுகிறது. 1984-இல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் இதனை வெளியிட்டது. எண்கள் தனித்தே நிற்றல் வேண்டும் எனப் பொருள்படும் ஜப்பானியத் தொடரின் சுருக்கமே 'சுடோகு' என்பதாம். 2004-இல் இலண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழ் வெளியிடத் தொடங்கிய பின்னர் இப்புதிர் உலகெங்கும் பரவியது.

ஒன்பது நிரைகள், ஒன்பது நிரல்கள், ஒன்பது சிறு சதுரங்கள் என 81 கட்டங்கள் அமைந்திருக்கும். ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் சிறு சதுரத்திலும் 1 முதல் 9 வரையுள்ள எண்கள் ஒவ்வொன்றும் ஒருமுறையே வருதல் வேண்டும். முறையான புதிருக்கு விடை ஒன்றே. அவ்வாறு ஒரே விடை அமைவதற்குக் குறைந்தது 17 எண்களேனும் முன்னரே தரப்பட வேண்டும் என்பதை அயர்லாந்துக் கணித அறிஞர் கேரி மெக்குவையரும் அவர்தம் குழுவினரும் 2012-இல் கணினியின் துணைகொண்டு நிறுவினர்.

நாம் செய்த பிழை

ஒரு விடுமுறை நாளில் கடினமான புதிரொன்றை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். பாதி நிரம்பியதும் வழி அடைபட்டது. ஒரு கட்டத்தில் 4 அல்லது 6 மட்டுமே வரலாம் என்னும் நிலை. பொறுமை இழந்து 4 என மையால் எழுதினோம். அதன்பின் எண்கள் தாமே வந்து விழுந்தன. மகிழ்ச்சி மிக்கது. இறுதிச் சதுரத்திற்கு வந்தபோது ஒரே நிரலில் இரண்டு 9 நின்றன! தோல்வியைவிடப் பெரிதாக நம்மை வருத்தியது வேறொன்று. எழுதியவற்றுள் எவை நிறுவப்பட்டவை, எவை அந்த ஓர் ஊகத்தின் வழி வந்தவை என நம்மால் பிரித்தறிய இயலவில்லை. மெய்யும் பொய்யும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் நின்றன. முழுவதையும் கைவிட நேர்ந்தது.

விலக்கும் நெறிகள்

எளிய புதிரில் 'இங்கே எது வரும்?' எனக் கேட்கிறோம். கடினமான புதிரிலோ 'இங்கே எது வராது?' எனக் கேட்டல் வேண்டும். இதற்கு ஒவ்வொரு வெற்றுக் கட்டத்திலும் வரத்தக்க எண்களையெல்லாம் பென்சிலால் சிறிதாகக் குறித்துக்கொள்ளுதல் முதற்பணி. அவற்றை வாய்ப்பெண்கள் என அழைப்போம். பின்வரும் நெறிகள் யாவும் வாய்ப்பெண்களை விலக்கும் நெறிகளே.

முதலாவது, இணை நெறி. ஒரு நிரையில் இரு கட்டங்களில் 3, 8 ஆகிய இரண்டு மட்டுமே வாய்ப்பெண்களாக உள்ளன எனக் கொள்வோம். எதில் 3, எதில் 8 என்பது தெரியாது. ஆயினும் அவ்விரு எண்களும் அவ்விரு கட்டங்களுக்கே உரியன என்பது உறுதி. ஆகவே அந்நிரையின் பிற கட்டங்களிலிருந்து 3, 8 இரண்டையும் நீக்கலாம். அங்கே 3, 5, 8 என மூன்று வாய்ப்பெண்கள் கொண்ட கட்டம் இருப்பின் அதன் விடை 5 எனத் துணியலாம்.

இரண்டாவது, ஆங்கிலத்தில் 'எக்ஸ் விங்' எனப்படுவது. 2-ஆம் நிரையில் 7 என்னும் எண் 3-ஆம், 8-ஆம் நிரல்களில் மட்டுமே வரலாம். 6-ஆம் நிரையிலும் அவ்வாறே எனக் கொள்வோம். 2-ஆம் நிரையில் 7 இடப்புறம் நின்றால், 6-ஆம் நிரையில் வலப்புறம் நிற்கும். மாறி நின்றால் மாறி நிற்கும். எவ்வாறாயினும் 3-ஆம் நிரலுக்கு ஒரு 7, 8-ஆம் நிரலுக்கு ஒரு 7 இந்நான்கு கட்டங்களிலிருந்தே கிடைத்துவிடுகிறது. எனவே அவ்விரு நிரல்களின் பிற கட்டங்களில் உள்ள 7 அனைத்தையும் நீக்கலாம். இதனையே மூன்று நிரைகளுக்கும் மூன்று நிரல்களுக்கும் விரித்தால் 'சுவோர்ட்ஃபிஷ்' என்னும் நெறியாம்.

மூன்றாவது, 'எக்ஸ்ஒய் விங்'. இது நுட்பமானது. 5-ஆம் நிரையும் 5-ஆம் நிரலும் சந்திக்கும் நடுக்கட்டத்தில் 2, 5 என்பன வாய்ப்பெண்கள். அதே நிரையில் முதல் நிரலில் உள்ள கட்டத்தில் 2, 9. அதே நிரலில் 8-ஆம் நிரையில் உள்ள கட்டத்தில் 5, 9. நடுக்கட்டத்தில் 2 வந்தால் முதல் நிரலில் உள்ள கட்டம் 9 ஆகும். 5 வந்தால் 8-ஆம் நிரையில் உள்ள கட்டம் 9 ஆகும். இவ்விரண்டனுள் ஒன்று 9 ஆவது திண்ணம். ஆகவே 8-ஆம் நிரையும் முதல் நிரலும் சந்திக்கும் கட்டத்தில் 9 ஒருபோதும் வாராது.

நோக்குக! மூன்று கட்டங்களுள் ஒன்றின் விடையைக்கூட நாம் அறியவில்லை. ஆயினும் நான்காவது கட்டத்தைப் பற்றிய ஓர் உண்மையை ஐயமின்றி அறிந்துகொண்டோம். அறியாமையின் எல்லைகளைச் சரியாக வரைந்துகொண்டால் அதுவே அறிவுக்கு வாயிலாகிறது.

ஊகம் எப்போது முறையாகும்?

அவ்வாறாயின் ஒன்றை வைத்துப் பார்த்தலே கூடாதோ எனின், கூடும். 4 என வைத்துக்கொண்டு சென்று முரண் தோன்றுமாயின் 4 அன்று, 6 என்பது நிறுவப்பட்டதாகும். ஆனால் பாதி வழியில் முரண் எதுவும் தோன்றவில்லை என்பது 4-க்குச் சான்றாகாது. நம் பிழை 4 என வைத்துப் பார்த்ததில் இல்லை. வைத்ததை வைத்ததென மறந்ததிலேயே உள்ளது. பென்சிலால் எழுத வேண்டியதை மையால் எழுதினோம்.

நிறைவாக

ஏட்டுச்சுவடியில் செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவது நேரிய பதிப்பாசிரியர் மரபு. தாம் கருதிய சொல்லைப் பொருத்தமென நம்பினும் அதனைப் பாடத்துள் நுழைக்காமல் குறிப்பில் தருவர். புலவர் காலத்தை ஆராயும் மாணவர்க்கும் இதுவே நெறி. ஒருவர் 'இருக்கலாம்' என எழுதியதை அடுத்தவர் 'ஆகும்' என எழுதினால், அதன்மேல் எழும் முடிவுகள் அனைத்தும் நம் புதிரின் 4 போன்றனவே. சுடோகுவில் பிழை இறுதிச் சதுரத்தில் வெளிப்பட்டுவிடும். ஆய்வில் அவ்வாறு காட்டிக்கொடுக்கும் சதுரம் எப்போதும் இருப்பதில்லை. ஆதலின் துணிந்ததை மையாலும் கருதியதைப் பென்சிலாலும் எழுதப் பழகுவோமாக!