எலி விழுந்த காலமும் கைப்பேசியில் ஏறும் காய்ச்சலும்

எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்ய வேண்டும்: கொங்குச் சீமைக்குப் பிளேக் கற்பித்த பாடம் இது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையை அந்த நோய் திரும்பத் திரும்பத் தாக்கியது. வீட்டைப் பூட்டிக்கொண்டு தோட்டத்தில் சாளை போட்டுத் தங்கினார்கள் மக்கள். கோவையின் பிளேக் மாரியம்மன் கோயில் அந்தப் பயத்தில் பிறந்தது.

அரசின் கையில் இருந்தது 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். வீட்டுச் சோதனை, தனிமுகாம், பயணிகளுக்குப் பிளேக் பாஸ்போர்ட் என்று கெடுபிடியாகவே அது வந்தது. அதிகாரி வருகிறார் என்றாலே நோயாளியை ஒளித்தார்கள். ஒளித்த இடத்திலிருந்து நோய் பரவியது.

இன்று வெள்ளகோவிலில், கிராம சுகாதார செவிலியர் வாசலில் நின்று, "ஏனுங்க்கா, வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சலுங்களா?" என்கிறார். உள்ளே இருப்பவர் தயங்காமல் பதில் சொல்கிறார். இப்படிக் கிடைக்கும் தகவலைப் பதிய, 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. களப்பணியாளர் கண்ட அறிகுறிக்கு எஸ், மருத்துவரின் கணிப்புக்கு பி, ஆய்வக முடிவுக்கு எல். முன்பு வாரம் ஒருமுறை தாளில் போனவை இப்போது இணையத்தில் ஏறுகின்றன. காய்ச்சலோடு தடிப்பா, ரத்தக்கசிவா, அல்லது பேதியா என்று பிரித்துப் பதிவதால், ஒரே தெருவில் எண்ணிக்கை கூடினால் மாவட்டத்துக்கு உடனே தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி, பன்னாட்டு அவசரநிலையாகக்கூடிய நிகழ்வை மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் நாடு அறிவிக்க வேண்டும். 2025 மே மாதம் பெருந்தொற்று ஒப்பந்தமும் நிறைவேறியது. ஜெனீவா மேசையில் எழுதும் இவற்றுக்கெல்லாம் முதல் தகவல் வாசலில்தான் கிடைக்கிறது. திருச்சி–கோவை நெடுஞ்சாலை, வடமாநிலத் தொழிலாளர் தங்கும் மில் குடியிருப்பு, கோழிப்பண்ணை எல்லாம் சேர்ந்த நம் ஊர் இந்தச் சங்கிலிக்கு வெளியே இல்லை.

அன்று நோயைக் கண்காணிக்கும் வேலைக்கு அம்மை குத்துபவரும் சுகாதார ஆய்வாளரும்தான் அடையாளம். 1939-இலேயே பொது சுகாதாரச் சட்டம் கண்ட மாநிலம் இது. அதற்கெனத் தனித்துறையும் இங்கே உண்டு. இன்று சென்னையின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தில் நோய்ப்பரவலியலையே முதுநிலைப் படிப்பாகப் படிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியாக 2019-இல் அமர்ந்தவர் தமிழகத்தின் சௌமியா சுவாமிநாதன். டாக்டர், என்ஜினியர் என்று மட்டும் கனவு காணும் நம் பிள்ளைகள் இந்தப் பாதையையும் பார்க்க வேண்டும்.

நம் பங்கு எளியது. ஒரே லைன் வீட்டில் நாலைந்து பேருக்குக் காய்ச்சலா? செவிலியரிடம் சொல்லுங்கள், அல்லது 104-ஐ அழையுங்கள். பண்ணையில் கோழிகள் திடீரென்று மடிந்தால் கால்நடை மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். ஒளிக்காத ஊரில்தான் நோயை முளையிலேயே பிடிக்க முடியும்.