கேஸ்கட்டும் இயற்பியலும்

இயற்பியல் என்றதும் ஆய்வுக்கூடமும் வெர்னியர் அளவியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு பழைய மோட்டார் வண்டியின் எஞ்சினில், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளியிலும் அழுத்தமும் வெப்பமும் தம் விதிகளைத் தவறாமல் நடத்திக் காட்டுகின்றன. இயற்பியல் மாணவனாகிய நான், எங்கள் வீட்டு அம்பாசிடர் காரின் மேனிபோல்டைக் கழற்றி மாட்டியபோது அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு பிறந்தது அம்பாசிடர். வங்காளத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-ஆம் ஆண்டு அதன் உற்பத்தி நின்றது. எங்கள் வண்டியில் இருப்பது 1489 கன செ.மீ. கொள்ளளவுள்ள பழைய பெட்ரோல் எஞ்சின். நின்ற நிலையில் ஓடும்போது அது தடுமாறியது. வேகம் கூடினால் சீராயிற்று. எஞ்சினையே பிரித்து வேலை பார்க்க வேண்டும் என்று ஒரு பணிமனையில் கூறினார்கள். அது எங்கள் குடும்பத்துக்குத் தாங்கும் செலவன்று. ஆகவே முதலில் காரணத்தைத் தேடினோம்.

காற்று நுழையும் வழி

நின்ற நிலையில் ஓடும்போது கார்புரேட்டரின் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் உறிஞ்சுவதால் உட்செலுத்தும் மேனிபோல்டில் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. வெளியே 760 மி.மீ. பாதரச அழுத்தம் என்றால், உள்ளே அதைவிட 450 முதல் 500 மி.மீ. வரை குறைவு. இணைப்பில் நூலளவு இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று பாய்ந்து நுழையும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறக்குறைய 15 பங்கு காற்று என்ற கணக்கு அங்கே தவறிவிடும். வேகம் கூடும்போது கார்புரேட்டர் வழியே மிகுதியான காற்று வருவதால், இந்தத் திருட்டுக் காற்றின் பங்கு அற்பமாகிவிடுகிறது.

இவ்வெஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கு உள்வாய்கள் இரண்டே. 1, 2-க்கு ஒன்று. 3, 4-க்கு ஒன்று. எங்கள் வண்டியில் 1, 2 மட்டுமே தடுமாறின. அவ்விரண்டிலும் கம்ப்ரஷன் குறையாததால் ஹெட் கேஸ்கட் குற்றவாளியன்று. எஞ்சினைக் கிளப்பியவுடன், சூடேறுமுன், முன்வாய் இணைப்பில் சில துளி எஞ்சின் ஆயில் விட்டோம். ஓட்டம் கணநேரம் சீரானது; காற்று நுழையும் இடம் தெரிந்துவிட்டது. இச்சோதனைக்குப் பெட்ரோலைப் பயன்படுத்துவோர் உண்டு. அருகிலேயே சூடான புகைபோக்கும் மேனிபோல்டு இருப்பதால், அது தீ விபத்தைத் தானே அழைப்பதாகும்.

எதை இடுவது?

சிலிகோன் பசை மட்டும் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. பெட்ரோல் பட்டால் அது ஊறி இளகும். பிதுங்கிய துணுக்குகளை எஞ்சின் உள்ளிழுத்துவிடும். பசையின் தகுதி, அது எதைத் தடுக்கிறது என்பதைப் பொறுத்தது. 1955-இல் வந்த செவர்லே வி-8 எஞ்சினில் மேனிபோல்டின் முன், பின் விளிம்புகள் தடுக்க வேண்டியது ஆயிலைத்தான். அங்கே பழைய தக்கைப் பட்டைக்குப் பதிலாகச் சிலிகோன் நன்றாகவே உதவுகிறது.

நம் எஞ்சினில் உள்வாய்க்கும் புகைவாய்க்கும் ஒரே கேஸ்கட். ஆகவே புகைவாயின் வெப்பத்தைத் தாங்குவதே அதற்குத் தகுதி. தாளில் வெட்டிய கேஸ்கட் கருகிவிடும். மேலும், 300 மி.மீ. நீளமுள்ள வார்ப்பிரும்பு 200 டிகிரி சூடேறினால் சுமார் 0.66 மி.மீ. நீளும். எஞ்சின் ஹெட் அவ்வளவு சூடேறாது. அவ்வளவு நீளவும் நீளாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது சிறிது வழுக்க இடந்தர வேண்டும். இறுகிக் கெட்டியாகும் பசை இட்டால் கிழிந்துபோகும். எனவே உலோக உள்தகடும் கிராபைட் மேற்பூச்சும் கொண்ட கேஸ்கட்டை, பசையின்றி உலர்வாகவே இட்டோம்.

கவனிக்க வேண்டியவை

பழைய கேஸ்கட்டுகளில் கல்நார் உண்டு. அதன் தூள் நுரையீரலை அழிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். உலர்ந்த நிலையில் கம்பித் தூரிகையால் தேய்த்து, வாயால் ஊதுவது கூடாது. நீரில் நனைத்து மெல்லச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பணிமனைகளில் இவ்வேலை பெரும்பாலும் வயதில் சிறிய உதவியாளர் தலையில்தான் விழுகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

உள்வாய்களைத் துணியால் அடைத்த பிறகே சுரண்ட வேண்டும். மாட்டுமுன் துணியை எடுக்க மறக்கக் கூடாது. நேரான உருக்குத் தகட்டை வைத்து, ஃபீலர் கேஜால் முகம் கோணியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே வாஷர் இரண்டு மேனிபோல்டுகளின் விளிம்புகளையும் சேர்த்து அழுத்தும் இடங்களில், இரு விளிம்புகளின் தடிமனும் ஒன்றாக இருப்பது முக்கியம். ஒன்று மெலிந்திருந்தால் வாஷர் சாய்ந்துவிடும். எத்தனை இறுக்கினாலும் அந்தப் பக்கம் ஒழுகும். எங்கள் வண்டியின் நோய் இதுவே. உள்வாய் விளிம்பு மெலிந்திருந்தது. வாஷரின் மறுபாதியை அராவிச் சரிசெய்தோம்.

நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, சிறிது சிறிதாக, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்க வேண்டும். ஒருமுறை ஓட்டி, நன்கு ஆறியபின் மீண்டும் இறுக்கம் பார்க்க வேண்டும்.

எஞ்சினைப் பிரிக்கும் செலவு எங்களுக்கு மிஞ்சியது. நோய்நாடி, அதன் காரணத்தையும் நாடுவது மருத்துவனுக்கு மட்டும் உரிய முறையன்று. பழைய வண்டியை வைத்திருப்போருக்கும் அதுவே முறை. நண்பர்களே, பாடநூலில் படித்த அழுத்தத்தையும் வெப்ப விரிவையும் நீங்களும் ஒருநாள் கையில் திருகுச்சாவியுடன் சந்தித்துப் பாருங்கள்.