மிக் விமானமும் பனியன் பண்டலும்

உடுமலைப் பக்கத்துக் கொமரலிங்கத்திலிருந்து அமராவதி ஆற்றை ஒட்டித் தென்மேற்கே போனால், கல்லாபுரம் வயல்களைத் தாண்டி அணை வரும். அணைக்குப் பக்கத்தில் அமராவதிநகர் சைனிக் பள்ளி. படை அதிகாரிகளாகப் போகக்கூடிய பிள்ளைகள் எல்லா மாநிலங்களிலிருந்தும், எளிய குடும்பங்களிலிருந்தும் வர வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் 1961இல் தொடங்கிய திட்டத்தில் உருவான பள்ளி அது. திறந்த நாள் 1962 ஜூலை 16. மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 20 அன்று, சீனப் படைகள் லடாக்கிலும் வடகிழக்கிலும் ஒரே நேரத்தில் தாக்கின. நவம்பரில் மேனன் அமைச்சர் பதவியை விட்டு விலகினார்.

அந்தப் போரை வீரம், துரோகம் என்ற சொற்களில் பேசியே பழகிவிட்டோம். வெளியுறவுக் கொள்கை முன்னே ஓடிப் படைபலம் பின்தங்கிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று நம் வரலாற்றில் இல்லை. எல்லையில் உரிமை கோரும் இடங்களுக்குள் முன்னேறிக் காவல் சாவடிகள் போடுவது என்று 1961 நவம்பரில் டெல்லி முடிவெடுத்தது. பல சாவடிகளுக்குச் சாலை கிடையாது. சோறும் தோட்டாவும் விமானத்திலிருந்து போட்டால்தான் உண்டு. சீனா பதிலடி கொடுக்காது என்ற நம்பிக்கையே அந்தக் கொள்கைக்கு அடித்தளம். நம்பிக்கை பொய்த்தபோது கீழே தாங்கிக்கொள்ள எதுவும் இல்லை.

தோல்விக்குப் பிறகு நாடு படை பெருக்கத் தொடங்கியது. 1962-63க்கு முதலில் ஒதுக்கிய பாதுகாப்புச் செலவு 376 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் அது 867 கோடி. தரைப்படையை 8,25,000 பேராக உயர்த்தவும், விமானப்படையை 45 ஸ்குவாட்ரன்களாக வளர்க்கவும் திட்டம் போட்டார்கள். மலையில் சண்டையிடுவதற்கென்றே தனி டிவிஷன்கள் எழுந்தன.

இந்த இடத்தில் ஓர் ஆங்கிலேயரைச் சொல்லியாக வேண்டும். லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன், வானிலையைக் கணக்குப் போட்டுச் சொல்லும் முறைக்கு முன்னோடி. குவேக்கர் சமயத்தவர், ஆயுதம் தொட மறுத்து, முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றும் வண்டி ஓட்டினார். வானிலைத் துறை விமான அமைச்சகத்தின் கீழ் போனதும் 1920இல் வேலையை விட்டார். காற்றழுத்தத்துக்குச் சமன்பாடு எழுதிய அதே கையால் அவர் போருக்கும் எழுதினார்.

ஒரு நாட்டின் ஆயுதக் குவிப்பு எவ்வளவு வேகமாக ஏறும்? மூன்று காரணிகள் என்றார் ரிச்சர்ட்சன். எதிராளியின் ஆயுதம் கண்டு எழும் பயம் அதை ஏற்றும். செலவின் சுமை அதை இறக்கும். பழைய மனக்குறை, எதிராளியிடம் ஆயுதமே இல்லாவிட்டாலும், தன் பங்குக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு நாட்டுக்கும் இப்படி ஒவ்வொரு சமன்பாடு எழுதிச் சேர்த்துத் தீர்த்தால் வருவது வியப்பான விடை. இரு தரப்பின் பயமும் சேர்ந்து இரு தரப்பின் சுமையை விஞ்சினால் குவிப்பு எங்கும் நிற்காமல் ஏறும். சுமை விஞ்சினால் ஓர் அளவில் வந்து அமரும். யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற கேள்வியே கணக்கில் இல்லை! 1909 முதல் 1913 வரை ஐரோப்பாவின் இரண்டு அணிகளும் செய்த படைச்செலவை அவர் வரைபடத்தில் குறித்தபோது, புள்ளிகள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் விழுந்தன. மனிதர்கள் நின்று யோசிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையே தன் கணக்கு காட்டுகிறது என்று அவர் கருதினார். நின்று யோசிக்கும் இடத்துக்குத்தான் வெளியுறவுக் கொள்கை என்று பெயர்.

1963ஐ அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். சுமை உடனே தெரிந்தது. நாட்டில் போதிய அந்நியச் செலாவணி இல்லை. ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றானது. நம் ஊர்ப் பத்தர்களின் பட்டறைகளில் அடுப்பு அணைந்தது. பயம் வேறு திசையில் போனது. இந்தியா சீனாவை நினைத்துப் படை பெருக்கியது, அஞ்சியது பாகிஸ்தான். அந்தப் பெருக்கம் முடியுமுன் காஷ்மீரில் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற எண்ணமும் 1965 போருக்கு ஒரு காரணம் என்று வரலாற்றாய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். வடக்கே பார்த்து வைத்த துப்பாக்கி மேற்கே இருப்பவன் கண்ணுக்குத் தன்னைப் பார்ப்பதாகவே தெரியும்.

ரிச்சர்ட்சனின் கணக்கில் இல்லாதது ஒன்று உண்டு: ஆயுதம் யாரிடம் வாங்கப்படுகிறது என்பது. அமெரிக்கா பாகிஸ்தானுக்கு ஸ்டார்ஃபைட்டர் போர்விமானம் கொடுத்தது, இந்தியாவுக்குக் கொடுக்கவில்லை. 1962இல் சோவியத் ஒன்றியம் மிக்-21 தரச் சம்மதித்தது. இங்கேயே தயாரிக்கவும் வழிவிட்டது. 1963இல் வந்து சேர்ந்த அந்த விமான வகை விடைபெற்றது 2025 செப்டம்பர் 26 அன்று. ஒரு நிட்டிங் மெஷின் வாங்கினால் ஊசியும் சிலிண்டரும் மெக்கானிக்கும் அந்தக் கம்பெனி வழியிலேயே வர வேண்டியிருப்பதைத் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போர்விமானத்தில் அந்தக் கட்டு அறுபது ஆண்டு நீளும். உதிரிபாகம் நின்றால் விமானம் நிற்கும். 1980இல் ஆஃப்கானிஸ்தான் பற்றியும், 2022இல் உக்ரைன் பற்றியும் ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுத்தபோது இந்தியா எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இந்தக் கட்டை ஒதுக்கிவிட்டு அந்த மௌனத்தை விளக்க முடியாது.

துணிக்கும் இதில் பங்கிருந்தது. சோவியத் ஆயுதத்துக்கு இந்தியா டாலர் கொடுக்கவில்லை, ரூபாய்க் கணக்கில் எழுதியது. அந்த ரூபாயைக் கொண்டு அவர்கள் நம்மிடம் தேயிலை, தோல், உடை வாங்கினார்கள். லூதியானாவின் கம்பளிப் பின்னலாடை பெருமளவு அங்கேதான் போனது. 1991இல் சோவியத் உடைந்தபோது லூதியானா பின்னலாடைத் தொழிலும் அடி வாங்கியது.

நம் பக்கத்துக்கு அந்த அடி வந்து சேர்ந்தது 2025இல். ஜூலை 30 அன்று இந்தியப் பொருள்கள்மீது 25 சதவீத வரியை அறிவித்த அமெரிக்க அதிபர் டிரம்ப், இந்தியா ரஷ்யாவிடம் ஆயுதமும் எண்ணெயும் வாங்குவதைக் குறிப்பிட்டார். ஆகஸ்ட் 27 முதல், ரஷ்ய எண்ணெயைக் காரணமாகக் காட்டி இன்னொரு 25. திருப்பூர் பின்னலாடையின் பெரிய சந்தைகளில் ஒன்று அமெரிக்கா. ஆர்டர்கள் நின்றன; தைத்து வைத்த பண்டல்களுக்குத் தள்ளுபடி கேட்டார்கள். மடத்துக்குளம், உடுமலை கிராமங்களிலிருந்து வேனில் கம்பெனிக்குப் போய்வரும் பெண்கள் எந்தப் போர்விமானத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஷிஃப்ட் குறைந்தால் வீட்டில் உலை குறையும் என்பது மட்டும் அவர்கள் கையில் வந்து சேரும் வெளியுறவுக் கொள்கை. பாதுகாப்பு பட்ஜெட் வரும் நாளில், பஞ்சு விலையைப் பார்க்கும் அதே அக்கறையோடு இந்தப் பகுதி மக்கள் செய்தித்தாளைப் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

கட்டு தளர்ந்தும் வருகிறது, மிக மெதுவாக. ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, இந்தியாவின் ஆயுத இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2010-14இல் 72 சதவீதம், 2015-19இல் 55, 2020-24இல் 36. பிரான்ஸும் இஸ்ரேலும் அமெரிக்காவும் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன. சொந்தத் தயாரிப்பும் வளர்கிறது: 2020 மே மாதம் பக்கத்திலுள்ள சூலூரில் தேஜஸ் விமானங்களோடு 18ஆம் ஸ்குவாட்ரன் மீண்டும் எழுந்தது. தேஜஸின் வடிவம் நம்முடையது, எஞ்சின் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் தயாரிப்பு. அந்த எஞ்சின்கள் தாமதமானதில் தேஜஸின் புதிய ரக விமானங்களும் தாமதமாயின. 2025 நவம்பர் 7 அன்று அதே எஞ்சினில் இன்னும் 113 வாங்க ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஒப்பந்தம் போட்டது. அன்று திருப்பூர் பனியன்மீது 50 சதவீத வரி நடப்பில் இருந்தது.